பிரிக்காத பெட்டிக்கு ஒரு கையெழுத்து

அரசுப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கும் என் அம்மா அமுதவல்லிக்கு இவர்கள் செய்தது இதுதான்: உறை பிரிக்காத பெட்டிகளைப் பிரித்துப் பார்த்ததாக, உள்ளே இருப்பதெல்லாம் புதுசு என்பதாக, ஓட்டிப் பார்த்ததில் முப்பது கம்ப்யூட்டரும் நன்றாக ஓடுகின்றன என்பதாக அவளிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்; உறையைப் பிரிக்கக் கூடாது என்று சொன்னவர்களும் அவர்களே; பிறகு ஒரு நாள் பிரித்து, உள்ளே பழசு இருந்ததும், ஏன் பார்க்காமல் போட்டாய் என்று அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். இதை இப்படி ஒரே மூச்சில், மேடையில் பேசுவதுபோல, மனசுக்குள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் 'நிறுத்திவைத்து' என்ற இடத்தில் விட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறேன். எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறவள், பல்கலைக்கழகப் பேச்சுப்போட்டிகளில் எதிரணிக்காரர்கள் என் பெயரைப் பார்த்ததுமே தண்ணீர் குடிப்பார்கள் என்று விடுதியில் சொல்வார்கள், அப்படிப்பட்டவளுக்கு நாலு வார்த்தை முழுசாக வரவில்லை. அம்மா இப்போது அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம், மாவட்டக் கல்வி அலுவலகத்தின் மாடித் தாழ்வாரத்தில், ஒரு கால் ஆடுகிற பெஞ்சில். குடும்பத்தார் வெளியில இருங்க என்றார்கள். குடும்பத்தார். ஏதோ பிரசவத்துக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிற மாதிரி. உள்ளே போகும்போது அம்மா திரும்பிப் பார்த்து, போய் ஒரு டீ குடிச்சுட்டு வா, காலையில இருந்து வெறும் வயிறு என்றாள். விசாரணைக்குப் போகிறவள் சொல்கிற வார்த்தையா இது? சேலை மடிப்பு நேராக இருந்தது, நான்தான் குனிந்து நீவிவிட்டேன், அவள் குதிகால் வெடிப்பில் வாசலின் தடவியிருந்தது பளபளத்தது. யாரும் பார்க்கப்போகாத குதிகாலுக்கு எதற்கு வாசலின் என்று கேட்க நினைத்து, கேட்காமல், கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

தாழ்வாரம் முழுக்க அட்டைப்பெட்டிகள். அதே பெட்டிகள்தான், அதே நீலப் பட்டை ஒட்டியவை. வேறு ஏதோ பள்ளிக்கூடங்களுக்குப் போக வேண்டியவை, பேப்பரில் செய்தி வந்ததும் போகிற வழியில் அப்படியே நின்றுவிட்டன. நான் ஒன்றின்மேல் சாய்ந்ததற்கு அலுவலக உதவியாளர் பரசுராமன் ஓடிவந்து, பார்த்தும்மா, புது சிஸ்டம் என்றார். சொல்லிவிட்டுப் பக்கத்துப் பெட்டியின்மேல் இருந்த தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்து வெயில் படாத பெட்டிக்கு மாற்றிவைத்தார். புதுசு என்று அவருக்கு எப்படித் தெரியும்? பிரிக்காததனால் புதுசு. எங்கள் ஊரில் எல்லோருக்கும் இந்த நம்பிக்கைதான், பிளாஸ்டிக் உறை கிழியாதவரை பொருளுக்கு வயசே ஆகாது என்று. எங்கள் வீட்டு டி.வி. ரிமோட் இன்னும் வாங்கி வந்த கவருக்குள்தான் இருக்கிறது, பட்டனில் எழுத்து தெரியாமல் கவர் மஞ்சளடித்துப்போய். மஸ்கட்டிலிருந்து அப்பா பணம் அனுப்பி வாங்கிய வாஷிங் மெஷினின் மூடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளை நான் ஒரு முறை உரிக்கப்போய் அம்மா கையைத் தட்டிவிட்டாள். பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த சற்குணம் டீச்சர் பரசுராமன் போவதைப் பார்த்து லேசாகச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. உடனே வாயை இறுக்கிக்கொண்டேன், ஏனென்றால் இவரோடு சேர்ந்து சிரிக்கக் கூடாது என்று பஸ்ஸில் வரும்போதே முடிவுசெய்திருந்தேன். இவர்தான் அம்மாவின் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். போட்டுடு அமுதா என்று சொன்னவர். இவரையும் வரச்சொல்லியிருக்கிறார்கள், ஆனால் தேவைப்பட்டால் மட்டும் கூப்பிடுவோம் என்று உட்காரவைத்திருக்கிறார்கள். தேவைப்பட்டால் என்றால், அம்மா இவர் பெயரைச் சொன்னால். ஆகவே நாங்கள் இரண்டு பேரும் ஒரே கதவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அது திறந்து பரசுராமன் இவரைக் கூப்பிட்டால் என் அம்மா தப்பித்தாள். கூப்பிடாவிட்டால் இவர் தப்பித்தார். பெஞ்ச் ஒன்றுதான், யார் எழுந்தாலும் மற்றவர் பக்கம் சாயும்.

அந்த மார்ச் மாசத்தை யோசித்தால் எங்கே தப்பு தொடங்கியது என்று பிடிக்கவே முடிவதில்லை. வருஷக்கடைசி. பணத்தைச் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்று எல்லா ஆபீசும் ஓடுகிற நேரம். லாரி வந்து பெட்டிகளை இறக்கியது, கம்பெனிப் பையன் ஒருவன் வந்து, அட்டையை மட்டும் நீக்கி, பிளாஸ்டிக் உறையோடேயே மேசைகளில் வைத்து, ஒயர்களைச் சொருகி, உறையைக் கழட்டாதீங்க மேடம், திறப்பு விழா இருக்கு என்று சொல்லி, சான்றிதழை நீட்டினான். திறந்துவைக்க வேண்டிய பெரியவர் வந்து திறக்கும்வரை சுவிட்சைத் தொடக் கூடாது. ஆனால் சுவிட்சைப் போட்டுப் பார்த்தாயிற்று என்று எழுதிக் கொடுத்தால்தான் கம்பெனிக்குப் பணம் போகும். இரண்டும் ஒரே நாளில் வந்த உத்தரவு. நான் இதை நண்பர்களிடம் சொன்னபோது இது தர்க்கப் பிழை என்று சத்தம் போட்டேன், ஒருத்தியும் ஆச்சரியப்படவில்லை, அவரவர் வீட்டில் ஒரு வாத்தியாரோ கிளார்க்கோ இருக்கிறார்கள், எல்லோரும் இப்படித்தான் போடுவார்கள் என்றார்கள். அம்மா இரண்டு நாள் போடாமல்தான் இருந்திருக்கிறாள். என் அம்மா, இரண்டு நாள். அதுவே அவளுக்கு மலையைப் புரட்டியது மாதிரி. மூன்றாம் நாள் தலைமையாசிரியர்களுடைய வாட்ஸப் குழுவில், மாலைக்குள் சான்று ஏற்றாத பள்ளிகள் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும் என்று மேலிருந்து செய்தி வந்தது. சற்குணம் டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, எல்லாரும் போட்டாச்சு அமுதா, நம்ம ஸ்கூல் ஒண்ணுதான் லிஸ்ட்டுல சிவப்புல நிக்குது, போட்டுடு என்றார். அம்மா போட்டாள். அந்தச் செய்தியை அனுப்பியவர் பிறகு அழித்துவிட்டார். இப்போது அந்த இடத்தில், நீக்கப்பட்டது என்று மட்டும் நிற்கிறது. பூட்டிய அறையில் கம்ப்யூட்டர்கள் உறைபோட்டபடி இருந்தன. தேர்தல் வந்தது, விழா தள்ளிப்போனது. ஆடி வந்தது, ஆடியில் எதையும் திறக்க மாட்டார் என்றார்கள். ஆயுத பூஜை வந்தது, அம்மாவும் பிள்ளைகளும் கதவைத் திறந்து உறையின்மேலேயே சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, மறுபடியும் பூட்டினார்கள். உயிர் இருக்கிறதா என்று தெரியாத முப்பது உடம்புகளுக்குப் பொட்டு. அந்த போட்டோவை அம்மா எனக்கு அனுப்பியிருந்தாள், கீழே இரண்டு கைகூப்பல் பொம்மை போட்டு. நானும் ஒரு இதயம் போட்டேன்.

அத்தனை மாசமும் பிள்ளைகள் எதில் படித்தார்கள்? அட்டையில். பழைய காலண்டர் அட்டையைத் திருப்பி அதில் அம்மா ஸ்கெட்ச் பேனாவால் விசைப்பலகை வரைந்து கொடுப்பாள், ஒவ்வொரு கட்டமும் விரல் அகலத்துக்கு. பிள்ளைகள் வரிசையாக வராந்தாவில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து, ஏ எஸ் டி எஃப் என்று வாயால் சொல்லிக்கொண்டே விரலால் தட்டுவார்கள். பக்கத்து ஜன்னலில் பூட்டிய அறையும் உறைபோட்ட திரைகளும் தெரியும். நானும் சின்ன வயசில் அப்படித்தான் கற்றுக்கொண்டேன், அம்மாவின் விரல் என் விரலுக்கு மேலே உட்கார்ந்து அழுத்தும், சுண்டு விரலுக்கு வேலை கொடுடி, அது மட்டும் ஏன் மகாராணியாட்டம் தூக்கிக்கிட்டு நிக்குது என்பாள். கடைசியில் தை மாசம் திறந்தார்கள். பெரியவர் எங்கேயோ இருந்து ஒரு பட்டனை அமுக்க, எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் ஒரே நேரத்தில் ரிப்பன் வெட்டினார்கள். உறைகளைப் பிள்ளைகளே கிழித்தார்கள், அந்தச் சத்தம் மழை மாதிரி இருந்தது என்று அம்மா சொன்னாள். பாதிக்கு மேல் எரியவே இல்லை. சிலது எரிந்து கூவிவிட்டு அணைந்தது. ஒன்று மட்டும் நல்லபடியாக எரிந்து, திரை முழுக்க ஒரு குழந்தை வந்தது. முதல் பிறந்தநாள், தலையில் காகிதக் கிரீடம், கன்னமெல்லாம் கேக். யார் வீட்டுக் குழந்தையோ, எந்த ஆபீஸில் எந்த அப்பா ஆசையாக வைத்த படமோ, அழிக்க மறந்துவிட்டார்கள். மிஸ், புதுக் கம்ப்யூட்டர்ல யாரு மிஸ் இந்தப் பாப்பா என்று கேட்டு பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அம்மாவும் முதலில் சிரித்திருக்கிறாள். பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்காரர் ஒருவர் செல்போனில் எடுத்ததில் அது தெரிகிறது: அம்மா குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிறாள், பிறகு சிரிப்பு நிற்கிறது, நின்ற இடத்திலிருந்து முகம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு முகமாக ஆகிறது. நான் அந்த வீடியோவை விடுதிக் குளியலறையில் வைத்து எத்தனை தடவை பார்த்தேனோ. உள்ளே கழட்டினால் தூசி, துருப்பிடித்த திருகு, மேலே மட்டும் புதுச் சட்டை. பேப்பரில் முறைகேடு நடந்ததாகக் கூறப்படுகிறது என்று போட்டார்கள். யார் கூறினார்களாம்? பழசை வாங்கியவன் பெயர் இல்லை, விற்றவன் பெயர் இல்லை, புதுசு விலை கொடுத்தவர் பெயர் இல்லை, முழுப் பத்தியிலும் ஒரே ஒரு பெயர், என் அம்மா பெயர், இனிஷியலோடு. ஆனால் அம்மா பேப்பரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் சொன்னதெல்லாம் பவளக்கொடியைப் பற்றி. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை, அட்டையில் அவளை மிஞ்ச ஆள் இல்லையாம், கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாளாம். எரிந்த ஒரே மிஷினில் அவளை உட்காரவைத்தால் ஒரு எழுத்தும் வரவில்லை. என்னவென்று பார்த்தால் பிள்ளை அட்டையைத் தொடுவது மாதிரி பூப்போலத் தொடுகிறாள். அமுக்கணும்னு நான் சொல்லிக் குடுக்கவே இல்லியேடி, அட்டையில அமுக்கறதுக்கு என்ன இருக்கு என்று அம்மா போனில் அழுதாள். சஸ்பெண்ட் ஆனதற்கு அழவில்லை, அதற்கு அழுதாள். நான் அநீதி, பொறுப்பு, மேல்மட்டம் என்று பேச ஆரம்பித்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

உள்ளே என்ன நடக்கிறது? மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. ஒரு ஆண் குரல், தன்மையான குரல்தான், அதட்டுகிற குரலாக இருந்தால்கூட எனக்குப் பயம் குறைந்திருக்கும். அதட்டினால் அம்மா விறைத்துக்கொள்வாள். தன்மையாகக் கேட்டால் எதையும் கொடுத்துவிடுவாள். நீட்டினால் போட்டுவிடுகிற கை அது. எங்கள் தெருவில் வேகத்தடை வேண்டும் என்று ஒரு கூட்டம் மனு கொண்டுவந்தது, போட்டாள். வேண்டாம் என்று மறுவாரம் எதிர்த்த வீட்டுக்காரர் கொண்டுவந்தார், அதிலும் போட்டாள். கேட்டால், ரெண்டு பேரும் வாசல்ல நின்னு கேக்கறாங்க, ஒருத்தருக்குப் போட்டு ஒருத்தருக்கு இல்லேன்னா நல்லாவா இருக்கும் என்றாள். எனக்கு இருக்கிற பயம் அவளைக் கேள்வி கேட்பார்கள் என்பது இல்லை. அம்மா, இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க, முடிஞ்சிரும் என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வார், அவள் அந்த மனுஷன் மனசு கோணக் கூடாதே என்று போட்டுவிடுவாள், அதில் எல்லாத் தப்பும் என்னுடையது என்று எழுதியிருக்கும், அதோடு அவள் இருபது வருஷத்துக்கு மேல் பார்த்த வேலை போய்விடும். அதற்காகத்தான் நேற்று சாயங்காலம் ஒத்திகை நடத்தினேன். நான் விசாரணை அதிகாரி, நாற்காலியில் கால்மேல் கால். அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் குரலைக் கட்டையாக்கி, யார் சொல்லிப் போட்டீங்க என்றேன். அவள் நிமிராமல், சார் காபி சாப்பிடறீங்களா என்றாள். விளையாடாதம்மா என்று கத்தினேன். சற்குணம் டீச்சர் சொன்னாங்கன்னு சொல்லு, அவங்க யார் சொன்னாங்கன்னு சொல்லட்டும், இப்படியே ஏணி மாதிரி மேலே போகும், கடைசிப் படியில யார் நிக்கறாங்கன்னு அப்பத்தான் தெரியும் என்று கையால் படி கட்டிக் காட்டினேன். அவங்க அடுத்த மாசம் ரிடையர்டு ஆவுறாங்கடி என்றாள். ரிடையர்டு ஆகிற நாளில் சஸ்பெண்ட் ஆர்டரைக் கையில் கொடுத்து அனுப்பப்பட்டவர்களை அவள் பார்த்திருக்கிறாள், மாலையும் ஆர்டரும் ஒரே கையில். அதுக்காக நீ சாகப்போறியா என்று கேட்டேன். அம்மா என் நைட்டியை மடித்து, கையால் நீவி, அடுக்கின்மேல் வைத்துவிட்டு, "நீ பேசறது சரிதான்டி. சரியா பேசறவங்களுக்குப் பதில் சொல்றதுதான் கஷ்டமாயிருக்கு" என்றாள். நான் இரண்டாவது கேள்விக்குப் போவதற்குள் துணி மூட்டைமேலேயே தலை வைத்துத் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்து, காதுப்பக்கம் நரைமுடி ஒன்று மூச்சுக்கு ஆடிக்கொண்டு. இவ்வளவு சின்ன உருவமா என் அம்மா என்று இருந்தது. எழுப்ப மனசு வரவில்லை.

மக்ளே, சாப்பிடு என்று ஒரு கை நீண்டது. சற்குணம் டீச்சர். நாகர்கோவில் பக்கத்துக்காரர், இத்தனை வருஷம் எங்கள் பக்கம் இருந்தும் பேச்சு மாறவில்லை. கையில் பிரித்த ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலம். வேண்டாம் டீச்சர் என்றேன். இரண்டாவது தடவை நீட்டியபோது எடுத்துக்கொண்டேன், வயிறு கேட்டுவிட்டது. கடித்தால் அந்த அமைதியான தாழ்வாரத்தில் கல்லை உடைக்கிற சத்தம். எதிரியிடம் வாங்கித் தின்கிற சத்தம். அவர் மடியில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை விரித்துவைத்து, துணுக்கு ஒன்றுகூடக் கீழே விழாமல் சாப்பிட்டார். கைக்குட்டையில் விழுந்ததையும் விரல்நுனியால் ஒற்றி எடுத்தார். அந்த விரல்களை எனக்கு வேறு விதத்தில் தெரியும். அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது அப்பாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை, எனக்குப் பரீட்சை. ஓடிவந்து ஆஸ்பத்திரிக் கதவைத் தள்ளினால், தலைமையாசிரியர் சற்குணம், பிரேயரில் நின்றால் ஆயிரம் பிள்ளைகள் மூச்சு விடாமல் நிற்கும் சற்குணம், சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு என் அம்மாவின் முதுகை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா குழந்தை மாதிரி அவர் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். வந்துட்டியா மக்ளே, அந்தப் பவுடர எடு என்றார். இந்த நினைவு இப்போது எதற்கு வருகிறது? இதற்கும் அந்தச் சான்றிதழுக்கும் என்ன சம்பந்தம்? ஒருவர் நல்லவராக இருப்பது ஒரு வாதமே இல்லை என்று நான் எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன். முதுகு துடைத்தவர் போட்டுடு என்று சொல்லக் கூடாதா, சொல்லலாம், சொன்னார். போட்டுடு என்று சொன்னவர் முதுகு துடைத்ததை மறக்க முடியுமா, அம்மாவால் முடியவில்லை. என்னால்? சிப்ஸ் உப்பு உதட்டில் எரிகிறது. அவர் கதவைப் பார்த்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக, பஸ் எப்போது வரும் என்று கேட்பது மாதிரி கேட்டார்: "உங்கம்மைட்ட எம்பேரச் சொல்லச் சொன்னியா?" எனக்குக் காது சூடானது. இதுக்குப் பயப்படுகிறவளா நான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆமா டீச்சர், சொன்னேன் என்றேன். குரல் மேடைக் குரலாகத்தான் வந்தது, கடைசியில் மட்டும் கொஞ்சம் பிசிறு. அவர் தலையை ஆட்டினார். "நானுந்தான் சொன்னேன். நேத்து போனப் போட்டு, எம்பேரச் சொல்லிரு பிள்ளே, எனக்கு மேல யாரு சொன்னான்னு நான் சொல்லிக்கிடுதேன்னேன். அதுக்கு அவ, டீச்சர், ராத்திரிக்கு என்ன டிபன்னு கேக்கா."

இவரைப் பற்றி நான் பஸ்ஸில் மனசுக்குள் கட்டிவைத்திருந்த பேச்சு அத்தனையும் கேட்பாரற்று நிற்கிறது. உடனே இன்னொரு நினைப்பு, இவர் நிஜமாகவே சொல்வாரா? சொல்வேன் என்று தாழ்வாரத்தில் சொல்வது எளிது. உள்ளே போய், அடுத்த மாசம் மாலை வாங்கப்போகிறவர், அழிக்கப்பட்ட ஒரு செய்தியை நம்பி, இன்னார்தான் அனுப்பினார் என்று சொல்வாரா? சொன்னாலும் அந்த இன்னார் எனக்கும் மேலேயிருந்துதான் வந்தது என்பாரா, நான் அனுப்பவே இல்லை என்பாரா? என் ஏணிக்கு எத்தனை படி இருக்கிறது என்று நான் எண்ணிப் பார்க்கவே இல்லை, முதல் படியில் ஒரு வயசான பொம்பளை உட்கார்ந்து கைக்குட்டையில் துணுக்கு பொறுக்குவாள் என்றும் நினைக்கவில்லை. அம்மா இதை நினைத்திருக்கிறாள். அம்மா தூங்கிவிடவில்லையோ நேற்று? கண்ணை மூடிக்கொண்டு என்னிடமிருந்து தப்பித்தாளோ? சந்தேகப்படுவதும் ஒரு நோய், எல்லோரிடமும் பிடித்துக்கொள்கிறது, பழசைப் புதுசு என்று விற்றவன் இதைத்தான் ஊர் முழுக்க விற்றுவிட்டுப் போயிருக்கிறான். அப்போது உள்ளே பிரின்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. டர்ரென்று, நின்று, மறுபடி டர்ரென்று. சற்குணம் டீச்சர் கை அப்படியே நின்றது. "அடிச்சுட்டான்" என்றார் மெதுவாக. எதை என்றேன். வாக்குமூலத்தை. அம்மா உள்ளே போய் அரைமணிகூட ஆகியிருக்காது, அவள் பேசிய குரலே வெளியே கேட்கவில்லை, அதற்குள் என்ன அடிப்பார்கள்? அவிய முன்னாலேயே அடிச்சு வச்சிருப்பாவ மக்ளே, ஒப்பு மட்டும் நம்மளது என்றார், கையெழுத்தை அவர் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். எழுந்துவிட்டேன். பெஞ்ச் அவர் பக்கம் சாய்ந்தது. கதவுவரை போய், தட்டக் கையைத் தூக்கி, தூக்கிய கை அங்கேயே நிற்கிறது. தட்டி என்ன சொல்வேன்? என் அம்மாவை வெளியே விடுங்கள் என்றா? பெயிண்ட் உரிந்த கதவு, அதில் யாரோ நகத்தால் ஒரு மீன் கீறியிருக்கிறார்கள். அம்மாவின் கையெழுத்து என் கண்முன்னால் வருகிறது, அ-வின் வயிறு பெரிசாக, கடைசி லி மேலே குடை பிடித்த மாதிரி, அடியில் ஒரு கோடு. என் பிராக்ரஸ் கார்டு முழுக்க அதுதான். கணக்கில் ஃபெயிலான கார்டிலும் ஒரு கேள்வி கேட்காமல், அடுத்த தடவை பாத்துக்கலாம் என்று அதே கோடோடு போட்டவள். அந்தக் கோட்டை இப்போது இழுத்துக்கொண்டிருக்கிறாளா? பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறப்பாளே, திறந்துவிட்டாளா? அம்மா, போடாதே. அம்மா, போட்டுவிட்டாலும் பரவாயில்லை, வந்துவிடு, வீட்டுக்குப் போகலாம். இரண்டையும் நினைக்கிறேன், ஒன்றை ஒன்று வெட்டுகிறது, இரண்டு மனுவிலும் கையெழுத்துப் போட்ட அம்மாவின் மகள்தான் நானும்.

கதவு என் முகத்துக்கு நேரே திறந்தது. அம்மா. நெற்றியோரம் வியர்வை, பொட்டு லேசாகக் கலைந்திருக்கிறது, கையில் பேனா இருக்கிறது, மூடி கழட்டாத பேனா. என்னைத் தாண்டி முதலில் பெஞ்சைப் பார்த்தாள், சற்குணம் டீச்சரைப் பார்த்து இமையை மட்டும் மூடித் திறந்தாள். பிறகு என்னிடம், என் கண்ணாடி உன் பையிலயா இருக்கு, பாரு என்றாள். நான் பையைத் தரையில் வைத்துக் குடைகிறேன், சீப்பு, சார்ஜர், பஸ் டிக்கெட், கண்ணாடியைத் தவிர எல்லாம் வருகிறது. என்னம்மா ஆச்சு, என்ன சொன்ன என்று கேட்டேன். நான் எங்க சொன்னேன், அவங்களே எல்லாம் அடிச்சு வச்சிருக்காங்க, மூணு பக்கம், பொடி எழுத்து, ரெண்டாவது பக்கத்துல டீச்சர் பேர் மாதிரி ஏதோ தெரியுது, அதுக்குக் கீழ என்ன எழுதியிருக்குன்னு புரியல என்றாள். சற்குணம் டீச்சர் எழுந்து வந்து, தன் கண்ணாடியைக் கழட்டி, மடித்து, அம்மாவிடம் நீட்டினார். அதற்குள் எனக்கு அம்மாவுடையது கிடைத்துவிட்டது, பைக்குள் கிடந்த துப்பட்டாவில் சிக்கியிருந்தது. உள்ளேயிருந்து அந்தத் தன்மையான குரல் வந்தது, கோபமே இல்லை அதில், ஒரு பெரியப்பா பேசுவது மாதிரி இருந்தது: "என்னம்மா, ஒரு கையெழுத்துதானே, அதுக்கெதுக்குக் கண்ணாடி? சாப்பாட்டு நேரமாவுது. போட்டுட்டுப் போங்க, ஒரு ஜெராக்ஸ் தரச் சொல்றேன், வீட்டுல வச்சு நிதானமா படிங்க." பரசுராமன்கூடத் தூக்கை எடுக்கப் போனவர் நின்றுவிட்டார். அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள், ஒரு பக்கம், மறுபக்கம், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து மறுபடி ஒரு பக்கம். காதில் மாட்டிக்கொண்டாள். நிலைப்படியில் திரும்பி நின்று, வீட்டுக்கு வந்தவரிடம் பேசுகிற அதே குரலில் சொன்னாள்:

"பார்க்காம போட்டதுக்குத்தானே கூப்பிட்டிருக்கீங்க சார். இதை நான் படிச்சுட்டுத்தான் போடணும். நீங்க சாப்பிட்டு வாங்க, நான் இருக்கேன்."